இரண்டு முறை அழித்த தகடு

தகட்டை வெள்ளை விளக்குப் பெட்டிக்குள் இரண்டாவது முறையாகச் செருகினார் ஸ்தனிஸ்லாஸ்.

ஒரு முறையே போதும். பதினெட்டு வருஷமாக ஒரு முறைதான். இன்றைக்கு அவருக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை.

துவாக்குடியில் பாய்லர் குழாய் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனி. அங்கே எக்ஸ்ரே அறை அவருடைய ராஜ்யம். மனிதருக்கு அல்ல, வெல்டிங்குக்கு எக்ஸ்ரே. ஃபிலிம் காலம் போய்விட்டது; இப்போது வளைகிற தகடு. அதில் பூசியிருக்கும் பொடி, மேலே விழுகிற எக்ஸ்ரேயைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்கேனரில் லேசர் பட்டதும் பிடித்ததை நீல வெளிச்சமாகக் கக்கிவிடும். அதுவே திரையில் படமாக வரும். மயிரிழை விரிசல்கூடத் தப்பாது.

ஆனால் முழுக்கக் கக்காது. கொஞ்சம் மனதுக்குள் வைத்துக்கொள்ளும்.

அதனால்தான் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் விளக்கு வெளிச்சத்தில் அழிக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த பாடம் இது.

வெளியே மர ஸ்டூலில் நல்லதம்பி உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டையைக் கழற்றாமலே வந்திருந்தான். ஆறு மாதமாக அம்மா மண்டபத்துக்கும் ராஜகோபுரத்துக்கும் நடுவே ஆட்டோ ஓட்டுகிறான்.

அதற்கு முன் அவன் இந்தக் கம்பெனி வெல்டர்களில் முதல் கை. குழாய்க்குப் பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதைப் பார்த்தே பற்றவைப்பான். அவன் போட்ட ஜாயிண்ட்டைச் சோதிப்பதே வெட்டி வேலை என்று ஸ்தனிஸ்லாஸே கேலி செய்திருக்கிறார்.

அப்படிப்பட்டவன் வருஷாந்திர வெல்டிங் பரீட்சையில் பற்றவைத்த துண்டின் படத்தில் ஒரு கோணல் கோடு தெரிந்தது. விரிசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் இவர்.

"சார், இது என் கை இல்ல சார்." அன்று நல்லதம்பி சொன்னது அவ்வளவுதான்.

காண்டிராக்ட் ஆள். மறுநாளே கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, பழைய படங்களை ஒழுங்குபடுத்தும்போது ஸ்தனிஸ்லாஸ் அதைப் பார்த்தார். அதே தகட்டில் முந்தின நாள் எடுத்த, வேறு யாரோ செய்த ஒரு கனத்த உருளையின் படம். அதில் ஒரு விரிசல். அதே கோணல், அதே இடம், ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை.

விரிசல்கள் இரட்டையாகப் பிறப்பதில்லை.

பரீட்சை அன்றைக்கு, அதைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் சாப்பாட்டு நேரமாயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்தார். இவர் அவசரத்தில் தகட்டை அழிக்காமலே வைத்துவிட்டார்; முந்தின நாள் விரிசலின் நிழல் அதிலேயே தங்கியிருந்தது. நல்லதம்பியின் பரீட்சைத் துண்டோ அதற்குள் பழைய இரும்போடு போய்விட்டது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் இவருடைய சர்டிஃபிகேட் போகும். மகள் லின்சிக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். வாயை மூடிக்கொண்டார்.

காட்டூர் வீட்டிலிருந்து பஸ் ஏறிச் சர்ச்சுக்குப் போய், மூன்று சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார். முன்னால் ஒரே ஒரு ஆள் இருக்கும்போது, போன் வந்த மாதிரி வெளியே வந்துவிட்டார். மூன்று முறையும்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மேனேஜரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, நல்லதம்பிக்கு இன்னொரு பரீட்சை வாங்கினார். அவன் பாஸாவான், வேலை திரும்பும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். ஆண்டவருக்கே இந்த ஏற்பாடு பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அழித்த தகட்டை, நல்லதம்பி இன்று காலை பரீட்சைக்குப் பற்றவைத்த குழாயில் சுற்றினார். ஈயக் கதவைச் சாத்தி எக்ஸ்ரே கொடுத்தார். ஸ்கேனர் தகட்டை உள்ளே இழுத்துக்கொண்டது.

படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. ஓரங்கள் சுத்தம். பிறகு நடுவில் ஒரு கோடு.

உறை பிரிக்காத புதுத் தகடு ஒன்றை எடுத்து, அதையும் அழித்து, முதலிலிருந்து செய்தார்.

கோடு இருந்தது.

இந்த முறை கோணல் இல்லை. அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோடு. வெல்டிங்கின் ரூட்டு என்கிற அடிப்பகுதியில் இரண்டு குழாயின் விளிம்பும் உருகிச் சேரவில்லை. விரிசலும் இல்லை, நிழலும் இல்லை. கைப்பழக்கம் விட்டுப்போனவனின் வேலை. ஆறு மாதம் ஆட்டோவின் ஹேண்டில்பாரைப் பிடித்த கை.

அந்தக் கையைக் கெடுத்தது நான்தான் என்று ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரிந்தது. பாஸ் என்று எழுதிவிடலாமா? நாளைக்கு அவன் பற்றவைக்கும் குழாயில் நீராவி சீறிக்கொண்டு ஓடும். பக்கத்தில் ஆள் நிற்பான். எழுத முடியாது.

சொல்லத்தான் வேண்டும். இப்போதே. அவர் எழுந்து கதவைத் திறந்தார்.

நல்லதம்பி உள்ளே வந்து திரையைப் பார்த்தான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ரூட்டு பிடிக்கல." மெதுவாகச் சொன்னான்.

"நல்லதம்பி, நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"இருங்க சார், நான் சொல்லிடறேன். போன தடவை நீங்க வேணும்னே கவுத்துட்டீங்கன்னு நெனச்சேன். வீட்ல வீராயிகிட்ட உங்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன். இப்பதான் தெரியுது, என் கை அப்பவே போயிருக்கு. மன்னிச்சுக்குங்க சார்." இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான்.

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார்.

"பரவாயில்ல, நல்லதம்பி," என்றார்.