பனிக்கடலில் தங்கை

"இந்தக் கதையை எழுதினவன் மட்டும் கையில கெடைக்கட்டும்!" ஆர்வித் கேம் கண்ட்ரோலரைச் சோபாவில் போட்டான். "தங்கச்சி ஏன் கப்பலேறினான்னு தெரிய காமிக்ஸ் வாங்கணுமாம். அண்ணனுக்குக் கண்ணு எப்படிப் போச்சுன்னு ரேடியோ நாடகத்துல கேக்கணுமாம். இந்தக் கூடுதல் அத்தியாயத்துக்கு வேற எண்பது குரோனர் காசு!"

"வாங்கியாச்சுல்ல, விளையாடு" என்று காப்பியை நீட்டினாள் மனைவி மாலின்.

ஒரு மணி நேரத்தில் அத்தியாயம் முடிந்தது. தங்கை பனிக்கடலில் தனியாக நின்றாள். 'தொடரும்' என்றது திரை.

"அடப்பாவி, இவளை இப்படியா விட்டுட்டுப் போவான்?"

"நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

ஆர்வித் கண்ணை மூடி யோசித்தான். "அண்ணனுக்குக் கண்ணுதானே தெரியாது, காது கேக்கும்ல? அவளைப் பாட விடுவேன். அவன் படகோட வந்துடுவான்."

மாலின் சமையலறைக்கு ஓடினாள். இந்த விளையாட்டைத் தயாரித்த கம்பெனியில் இருந்த லின்னேயாவைப் போனில் அழைத்தாள்.

"ஆர்வித்துக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாசமாச்சு லின்னேயா. இந்தக் கதையை எழுதினதே தான்தான்னு அவனுக்கு இன்னும் ஞாபகம் வரல. ஆனா, மிச்சத்தைச் சொல்ல ஆரம்பிச்சுட்டான்!"