கதவுக்கு வெளியே கேட்ட இசை

‘விண்தோணி’ வரிசையின் பதினோராம் படத்துக்கு நான் இசையமைத்தேன். அதன் பழைய தீம் இசையை யார் மாற்றினாலும், நூறு ரசிகர்களை உட்காரவைத்து நாடியை அளப்பார்கள். அறுபது பேருக்காவது துடிப்பு ஏற வேண்டும். எனக்கு முன் நான்கு பேர் தோற்றிருந்தார்கள்.

என் அம்மா பூங்காவனம் ஒரு தியேட்டரில் இருபது வருஷம் பெருக்கினாள். அந்த இசை படத்தின் கடைசியில் வரும். அப்போது துடைப்பத்தோடு வெளியே நிற்பாள். மூடிய கதவைத் தாண்டி அவளுக்கு வந்தது அதிர்வு மட்டும்தான். நான் பழைய தீமின் எக்காளங்களை எடுத்துவிட்டு அந்த அதிர்வை வைத்தே இசையமைத்தேன்.

சோதனையன்று ஒரு ரசிகர் வரவில்லை. அந்த நாற்காலியில் அம்மாவை உட்காரவைத்தேன்.

“நான் ஒரு படங்கூட பாத்ததில்லியேடி.”

“சும்மா உக்காரும்மா. யாரும் பெருக்கச் சொல்லமாட்டாங்க.”

இசை தொடங்கியது. ஐம்பத்தொன்பது ரசிகர்களுக்குத் துடிப்பு ஏறியது. எல்லாரையும்விட அம்மாவுக்குத்தான் அதிகம் ஏறியது. அவள் எழுந்தே விட்டாள்.

“படம் வுடப்போறான், பெருக்கணும். அடுத்த ஷோவுக்குப் பத்து நிமிஷந்தான் இருக்கு!”

சோதனை அதிகாரி சேவியர் நாடி மெஷினின் திரையைப் பார்த்தார். “இவங்க ரசிகை இல்லியே. ஒரு டிக்கெட்டாவது வாங்கியிருக்காங்களா?”

“உங்க ரசிகருங்க எல்லாரையும்விட அதிக தடவை கேட்டிருக்காங்க சார்.”

“அது வேலைப் பதட்டம்மா. கணக்குல வராது.”

அறுபதாவது நாடியை அழித்தார். என் இசையும் போயிற்று. மெஷினை அணைத்த பிறகும் அம்மா கதவருகே நின்று துடைப்பத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.