இன்னொரு பாராசூட்

ஜோகுபாளையத்தில் நாலாவது மாடிச் சாரத்தில் நிற்கும் கொத்தனார் ரெமிஜியஸ், பயிற்சிக்குப் பறக்கும் பழைய போர் விமானத்துக்கு வழக்கம்போலக் பூச்சுக் கரணையை வெயிலில் மின்ன ஆட்டுகிறார். விமானம் ஒருபக்கம் சாய்கிறது. “பாத்தியா, எனக்கு சலாம் வெக்கிறான்!” என்கிறார். “ஆமாண்ணா, உனக்கு மச்சான் பாரு” என்று சித்தாள் யூனிஸ் சிரிக்கிறாள். சாய்ந்தது நிமிரவே இல்லை. ஏரிக்கு அப்பால் மரங்களுக்குள் விழுகிறது. சாரம் காலடியில் அதிர்கிறது, ஈரப் பூச்சு பொலபொலவென்று உதிர்கிறது. கரும்புகைக்கு மேலே வெள்ளைப் பாராசூட் ஒன்று அசைந்து அசைந்து இறங்குகிறது. “தப்பிச்சிட்டான்ணா!” யூனிஸ் கை தட்டுகிறாள். ரெமிஜியஸ் தட்டவில்லை. விமானம் சாய்ந்தபோது அதன் கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் இரண்டு பேரைப் பார்த்தார். கண் கூசக் கூச வானம் முழுக்க இன்னொரு பாராசூட்டைத் தேடுகிறார்.