இருபத்தேழு செல்போன்கள்

"ஒரே பாஸ்வேர்டு. இருபத்தேழு செல்போன். இதுக்குப் பேர் என்ன ஜீவிதா? திருட்டு!"

இயக்குநர் கலைவாணன் மேஜையைத் தட்டியதில் டீ டம்ளர் ஆடியது.

சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கிறது அந்தப் பட்டு ஆவணக் காப்பகம். பழைய பட்டுப் புடவைகளை நாலாயிரம் படங்களாக எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டுமானால் பல்கலைக்கழகக் கடிதத்தோடு விண்ணப்பித்து, ஆய்வாளர் என்று பாஸ்வேர்டு வாங்க வேண்டும். மற்றவர்களுக்குக் கதவு சாத்தியது சாத்தியதுதான். அந்த இணையதளத்தைக் கவனித்துக்கொள்வது ஜீவிதா.

"ஆராய்ச்சி பண்ற தேவகியோட பாஸ்வேர்டு சார். போனெல்லாம் ஐயம்பேட்டைப் பக்கம் காட்டுது."

"விசைத்தறிக்காரனுக்கு டிசைனை வித்திருப்பா. அனுமதியை ரத்து பண்ணு. யுனிவர்சிட்டிக்கும் எழுது. அவ ஆராய்ச்சி அதோட குளோஸ்!"

"விசாரிக்காம எப்படி சார்? அந்தப் பொண்ணோட மூணு வருஷ உழைப்பு."

"அப்ப விசாரி. வெள்ளிக்கிழமை அந்த இருபத்தேழு பேரோட பட்டியல் என் கையில இருக்கணும்."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் தணிந்தார். முகத்தில் சிரிப்புகூட வந்தது.

"இன்னொரு பட்டியலும் வேணும்மா. நம்ம தளத்துக்குத் திருத்தம் அனுப்பறாங்களே அறிஞர்கள், அவங்க யார் யாருன்னு கண்டுபிடி. ஆண்டு விழாவுல பொன்னாடை போர்த்தணும்."

அந்தத் திருத்தங்களில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. போன வருஷம் வரை அங்கே கொட்டிய உழைப்பெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்தான். படங்களுக்கு வெறும் நம்பர். 'தாழம்பூக் கரை' என்று தேடினால் ஒன்றும் வராது. பாதிப் படங்களில் புடவையின் பின்பக்கத்தை முன்பக்கம் என்று போட்டிருந்தார்கள்.

ஜீவிதாதான் பிடிவாதமாக நின்று, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் 'தவறிருந்தால் சொல்லுங்கள்' என்று ஒரு பெட்டி வைத்தாள். எழுதுகிறவரின் பெயர் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் தொள்ளாயிரம் திருத்தம் வந்தது. அத்தனையையும் அவள் ஒருத்தியே உட்கார்ந்து ஏற்றினாள். இப்போது எந்த ஊர் ஆய்வாளர் தேடினாலும் கேட்ட புடவை வந்து நிற்கிறது.

"கரையைத் தனியாக் கோத்து நெய்யற கோர்வை எது, சாதா எதுன்னு படத்தைப் பார்த்தே சொல்லியிருக்காங்க. வெளிநாட்டுப் பேராசிரியர்களாத்தான் இருக்கும்," என்றார் கலைவாணன்.

ஜீவிதா முதலில் தேவகிக்குப் போன் போட்டாள்.

"ஆமா மேடம். பாஸ்வேர்டு நான்தான் குடுத்தேன்."

"ஏன் குடுத்தே? உன் ஆராய்ச்சியே போயிடும், தெரியுமா?"

"தெரியும். நீங்க ஒருவாட்டி ஐயம்பேட்டைக்குப் போய்ப் பாருங்க. பொன்னி அக்கா வீட்டுல ஆரம்பிங்க."

பேச்சுக்காவது ஒரு 'சாரி' இல்லை. ஜீவிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

பொன்னி தறியில் உட்கார்ந்திருந்தாள். தறி ஓடவில்லை. கையில் செல்போன், அதில் காப்பகத்துப் புடவைப் படம். கையும் களவுமாக!

"யாரைக் கேட்டு இதைப் பார்க்கறீங்க?"

பொன்னி எழுந்திருக்கக்கூட இல்லை.

"எங்க அத்தை நெய்த புடவைம்மா இது. உங்க ஆளுங்க வந்து போட்டோ புடிச்சப்ப நான்தான் விரிச்சுக் காட்டினேன். இப்ப அதைப் பார்க்க எனக்கு லெட்டர் வேணுமா?"

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் ஜீவிதா விடவில்லை.

"ரூல்னு ஒண்ணு இருக்குதுக்கா. தேவகிக்கு எவ்ளோ காசு குடுத்தீங்க?"

"காசா? நல்லா கேட்டம்மா! அந்தப் பொண்ணு ஒரு டம்ளர் மோர் குடிக்கவே அவ்ளோ கூச்சப்படும்."

"அப்ப டிசைனைக் காப்பி அடிக்கிறீங்களா?"

பொன்னி செல்போனை அவள் பக்கம் நீட்டினாள்.

"நீயே பாரு. எழுதிக்கினு இருந்தேன், பாதியில வந்துட்ட."

ஜீவிதா படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அவள் குரல் தானாக இறங்கியது.

"இதை எத்தனை பேர் பண்றீங்க?"

"தெருவே பண்ணுதும்மா. தறியில பாவு நூல் மாத்தறப்ப, கரண்ட் போறப்ப, யாருக்கு எப்ப கை காலியோ அப்ப."

"பேர் சொல்லுங்கக்கா. ஒருத்தர் விடாம எனக்கு வேணும்."

அன்று மாலைக்குள் வீடு வீடாக ஏறி இறங்கி, இருபத்தேழு பேரையும் நேரில் பார்த்து எழுதி வாங்கிய பிறகுதான் ஜீவிதா ஊர் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை.

"பிடிச்சியா?"

"பிடிச்சேன் சார். எல்லாரும் இதுல இருக்காங்க."

ஒரே ஒரு தாளைக் கொடுத்தாள். கலைவாணன் உரக்கப் படித்தார்.

"பொன்னி, காவேரி, வீரபாகு, கமலாட்சி... என்னம்மா இது, எல்லாம் தறிக்காரங்க! பத்தாவது தாண்டாத கும்பலுக்கு ஆவணத்துல என்ன வேலை? இருபத்தேழு போனையும் முடக்கு. தேவகிக்கு ரத்துக் கடிதம் ரெடி, இதோ கையெழுத்துப் போடறேன்."

"அதுக்கு முன்னாடி, இன்னொரு பட்டியல் கேட்டீங்களே சார்."

"அட, ஆமா!" பேனாவை அப்படியே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அறிஞர்களைக் கண்டுபிடிச்சிட்டியா? பொன்னாடைக்குச் சொல்லணும். எத்தனை பேர்?"

"இருபத்தேழு சார்."

"பேஷ்! எங்கே அந்தப் பட்டியல்?"

"உங்க கையிலதான் சார் இருக்குது."