தேடிப் போகாத மேய்ப்பர்

அண்ணாமலையார் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

1996 சித்திரைப் பௌர்ணமி. காலையிலேயே கிரிவலக் கூட்டத்தில் போதகர் ஞானமணியின் ஐந்து வயது மகள் தொலைந்துபோனாள். தேடி ஓடப்போனவரைப் பூ விற்கும் கன்னியம்மாள் மறித்தாள்.

"நில்லுங்க ஐயா! எல்லாரும் ஒரே பக்கமாதான் மலையைச் சுத்துறாங்க. பாப்பா இங்கியே வந்துடும்."

"காணாமப்போன ஆட்டை மேய்ப்பரே தேடிப் போனாருன்னு பைபிள்ல கதை இருக்கும்மா!"

"அவரு திருவண்ணாமலை பார்த்திருக்க மாட்டாருங்க."

மத்தியானம் யாரோ ஒரு பக்தரின் தோளில், நெற்றி நிறையத் திருநீற்றோடு மகள் வந்து சேர்ந்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர், ஓடிப்போன மகனுக்காக வீட்டிலேயே காத்திருந்த தகப்பன் கதையைச் சொன்னார். "ஆண்டவர் தேடியும் வருவாரு, காத்துக்கிட்டும் நிப்பாரு" என்று அழுதார். நானும் அழுதேன்.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: போதகர் ஞானமணிக்கு இன்றுவரை கல்யாணமும் ஆகவில்லை, மகளும் கிடையாது.