மிளகுக்குக் காவல்

நிச்சயதார்த்தத் தட்டின் மேலேயே வாந்தி எடுத்த மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

தட்டை மடியில் வைக்காதே என்றார்கள். முன்சீட்டில் உட்கார் என்றார்கள். கல்யாண வயது வந்தால் குடலுக்கும் புத்தி வந்துவிடும் என்று நான்தான் நம்பினேன்.

கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகள் அப்படி நம்பவில்லை.

புடவை மட்டும் கடைக் கவரோடு இருந்ததால் தப்பித்தது. வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் அந்த யோகம் இல்லை.

டிரைவர் வேனை ஓரங்கட்டினார். மொத்த வீதியும் இறங்கியது.

“பொண்ணு ஊட்டுல கேட்டா வழியில மழைன்னு சொல்லிக்கலாம் மாப்ள” என்றார் குப்புசாமி மாமா. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

எங்கள் வீதி என்றால் எட்டு வீடு. எல்லோரும் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வந்து குடியேறியவர்கள். மலையில் எங்களுக்குக் கீழ்நாட்டுச் சனம் என்று பெயர். கீழே போனால் மலைக்காரர்கள் என்று பெயர். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்போம்.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். சின்ன வயதில் ஒரு வீட்டில் அடி வாங்கி, அடுத்த வீட்டில் அழுது, மூன்றாவது வீட்டில் சாப்பிடுவேன். எந்த வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளை நான்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி கேட்பேன். நாம் எதற்கு மேலே வந்தோம்?

குப்புசாமி மாமா தண்ணீர் ருசி என்பார். கண்ணாயி அத்தை குளிர்ச்சி என்பாள். தேன்மொழி சித்தி பலாப்பழம் என்பாள். சொன்ன கையோடு என் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்பா எழுந்து போய், காய்கிற மிளகைக் கிளறிவிடுவார்.

காரவள்ளி மாரியம்மன் நோம்பிக்கு வருசா வருசம் வீதியே பஸ் ஏறும். அப்பா மட்டும் வரமாட்டார். மிளகு காயும். மிளகு இல்லாத மாதத்தில் வேறு ஏதாவது காயும்.

பஸ்ஸில் நான் கேரிபேக்குக்குள் முகத்தை வைத்தபடி இறங்குவேன். “உங்கம்மா வழிக் குடல்” என்பது அப்பாவின் தீர்ப்பு. அம்மா அதை மறுத்ததே இல்லை. எனக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துவிட்டு, எல்லா வளைவிலும் முறுக்குத் தின்றபடி வருவாள்.

இன்றைக்கும் அப்பா வரவில்லை.

“மிளகு காயுது. ஒராளு இருக்கோணும்” என்று நேற்றே சொல்லிவிட்டார். காலையில் என்னை வழியனுப்பக்கூட அவரைக் காணவில்லை.

காலையில் காணாமல் போனது இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்து நிச்சயத்தில் உப்பும் சர்க்கரையும் மாற்ற வேண்டும். சர்க்கரை தட்டில் இருந்தது, உப்புப் பொட்டலத்தைக் காணோம். கீழே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம்.

அடிவாரத்துப் பெண் சுகந்தியைப் பார்த்ததும் நான், பேசி முடித்ததும் நான். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுகந்தியின் அப்பா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், தட்டு மாற்ற உங்கப்பா வருவாருங்களா என்று. வருவாருங்க என்று சொல்லித் தொலைத்தேன். என் வயிற்றைக் கலக்கியதில் வளைவின் பங்கு பாதிதான்.

கண்ணாயி அத்தை பாட்டில் தண்ணீரை ஊற்றித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா அவள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அத்தை, அப்பாவுக்கு சுகந்தியப் புடிக்கலீங்களா?”

“வாயக் கழுவு கண்ணு முதல்ல.”

“மிளகுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

அத்தை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையிலிருந்த முறுக்கைப் பார்த்தாள். பிறகு, சொல்லிவிடுங்கள் என்பதுபோலத் தலையாட்டினாள்.

“உங்கப்பனுக்கு வளைவு ஆகாது சாமி. பள்ளிக்கூடம் கட்டற கொத்து வேலைக்கு லாரியில மேல வந்தான். வழியெல்லாம் கக்கிட்டு வந்தான். வேலை முடிஞ்சும் அடுத்த லாரி, அடுத்த லாரின்னு இறங்கவே இல்ல. நடந்து வாடான்னா அட்டை கடிக்கும்னான். கூட்டிட்டுப் போகக் குப்புசாமி வந்தான். அவனையும் காணோம்னு நாங்க வந்தோம். பொண்ணு உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு இவன் கல்யாணத்துக்கு மேல வந்தவங்க மிச்ச ஊட்டுக்காரங்க. இவனத் தனியா விட்டுட்டு எவனுக்கு இறங்க மனசு வருது?”

மொத்த வீதியும் திடீரென்று பள்ளத்தாக்கின் அழகை ரசிக்கத் தொடங்கியது. குப்புசாமி மாமாவின் தோள் மட்டும் குலுங்கியது.

அப்பாவின் குடலைத்தான் அம்மா இத்தனை வருசமும் தன் பேரில் எழுதி வைத்திருந்திருக்கிறாள்.

“அப்ப, இன்னைக்கு ஒரு நாளைக்காவது...” என்றேன்.

அத்தை தட்டை முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

“கோழி கூப்பிடறதுக்கு முன்னாலயே ஒத்தையடிப் பாதையில நடந்து இறங்கிட்டான். பாதியில திரும்பிட்டா மானம் போயிரும், பையன்கிட்டச் சொல்லாதேன்னான். அட்டைக்குன்னு அந்த உப்புப் பொட்டலத்தையும் எடுத்து மடியில கட்டிக்கிட்டான். இந்த மாசி வெயில்ல அட்டை ஏது?”

நான் ரோட்டுக்குக் கீழே, மரங்களுக்குள் எட்டிப் பார்த்தேன்.

“அப்ப மிளகு?”

“மிளகு தானாக் காயும் கண்ணு.”