நீலப் பொட்டு

யுத்தம் முடிந்த வருஷம், விலங்கியல் சிறப்புப் பட்ட மாணவியாக, ஆய்வுக்காக எத்தாளை மீனவக் கிராமத்தில் பஸ்தியான் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் களப்பில், அந்தக் கடலோர உப்பேரியில், பிடித்துத் தரும் நண்டுகளின் முதுகில் சிவப்புப் பெயிண்டால் பொட்டு வைத்து, திரும்ப விட்டுவிடுவேன். மறுபடி பிடிபடுகிறவற்றில் பொட்டு வைத்தவை எத்தனை என்று பார்த்தால், களப்பில் மொத்தம் எவ்வளவு நண்டு என்று மதிப்பிடலாம். தன் முதுகிலுள்ள பொட்டை நண்டு பார்ப்பதில்லை.

இரண்டாம் மாதம், நீலப் பொட்டு வைத்த நண்டுகள் வலையில் வந்தன. என்னிடம் இருந்தது சிவப்பு டின் ஒன்றுதான்.

"வேற ஆரும் விடுறாங்களா, அண்ணன்?"

"பிடிச்ச நண்டை ஆர் பிள்ளை திரும்ப விடுவான்?"

அன்று பின்னேரம் கிணற்றடியில் அவர் மனைவி மக்தலேனா அக்கா எனக்கு முதுகு தேய்த்துவிட்டார்.

"இதென்ன பிள்ளை, நடு முதுகில நீலமா ஒரு பொட்டு? எவ்வளவு தேய்ச்சும் போகுதில்லையே."